சிறந்த ஹம்பேர்கர் எங்கே? ஒரு வழக்கும் அதன் விசாரணையும்



உணவைப் பற்றி வழக்காடாத மக்கள் உலகில் இல்லை. எந்த ஊர் மாம்பழம் இனியது, எவர் வீட்டு ஒடியற்கூழ் பதமானது, தோசைக்கு எந்தச் சம்பல் பொருந்தும் என்று எம்மவர் மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டிருக்கின்றோம். பேசுவோர் பசியினாற் பேசுவதில்லை. தத்தம் ஊரின்மீதும் தம்மை ஊட்டி வளர்த்த கைகளின்மீதும் கொண்ட பற்றினாலேயே பேசுகின்றனர். நாம் வந்து வாழும் இந்த அமெரிக்க நாட்டில் அத்தகைய வழக்கின் நடுவே நிற்கும் பண்டம் ஹம்பேர்கர் ஆகும். சிறந்த ஹம்பேர்கர் எங்கே கிடைக்கும் என ஒருவர் கேட்டால் பத்துப் பேர் பதினொரு விடை கூறுவர். எம் மாணவர்களும் அந்தப் பத்துப் பேருள் அடங்குவர்.

பெற்றோர் பலருக்கு இப்பண்டம் பிள்ளைகளின் வாய் வழியாகவே அறிமுகமாயிற்று. எம் இல்லங்களிற் பல இதனை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றன. ஆயினும் பிள்ளைகள் நாள்தோறும் காணும் ஒன்றைப் பற்றி அவர்களும் நாமும் ஒருங்கே அறிந்திருத்தல் நன்று. அறிந்தபின் ஏற்பதும் விடுப்பதும் அவரவர் உரிமை. அந்நோக்குடனேயே இக்கட்டுரையை வரைகின்றோம்.

பெயர் வந்த வழி

தமிழ் வகுப்பிற் பதம் பிரிக்கக் கற்ற மாணவர்கள் இச்சொல்லையும் பிரித்துப் பார்க்கலாம். முற்பாதி பன்றி இறைச்சியைக் குறிக்கும் 'ஹம்' என்னும் ஆங்கிலச் சொல் என எண்ணுவோர் உளர். அது பிழையான பிரிப்பு. இதன் பகுதி ஜேர்மனியின் பெருந்துறைமுகமாகிய ஹம்பேர்க் ஆகும். அதனோடு 'அர்' என்னும் விகுதி சேர்ந்து ஹம்பேர்க்கைச் சார்ந்தது என்னும் பொருளைத் தருகின்றது. பிராங்பேர்ட் நகரின் பெயரைத் தாங்கிய பிராங்பேர்ட்டர் என்னும் இறைச்சிக் குழலும் இவ்விதியின்படியே பெயர் பெற்றது.

எமக்கும் இது புதிதன்று. யாழ்ப்பாணத்தவர் தம் மண்ணின் பெருமையாகக் கொண்டாடும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் பெயருள் கொழும்பு இருக்கின்றது. பெயர் ஓரூரையும் பெருமை மற்றோரூரையும் சார்வது உணவுலகில் இயல்பே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹம்பேர்கரை மக்கள் பிழையாகப் பிரித்ததனால் 'பேர்கர்' என்னும் தனிச்சொல் பிறந்தது. பாற்கட்டி வைத்தது சீஸ்பேர்கர் ஆயிற்று. மீன் வைத்தது பிஷ்பேர்கர் ஆயிற்று. பிழையான பிரிப்பும் மக்கள் வழக்கில் ஊன்றிவிட்டால் அகராதியில் இடம்பெறும் என்பதற்கு இது நல்ல சான்று.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் ஹம்பேர்க் துறைமுகத்திற் கப்பலேறி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். வறுமையினால் வந்தவரும் உயிரச்சத்தினால் வந்தவரும் அவர்களுள் இருந்தனர். அக்காலத்தில் நியூ யோர்க் முதலிய நகரங்களின் உணவகங்கள் கொத்திய மாட்டிறைச்சியை 'ஹம்பேர்க் ஸ்ரேக்' என்னும் பெயரில் தட்டில் வைத்துப் பரிமாறின. முதலாம் உலகப் போரின்போது ஜேர்மன் பெயர்கள்மீது வெறுப்பு ஏற்படவே, சிலர் அதனைச் 'சுதந்திர ஸ்ரேக்' எனப் பெயர்மாற்றி அழைத்தனர். போர் ஓய்ந்தது, பழைய பெயரே நிலைத்தது. வந்தேறிகளின் பண்டம் எனக் கருதப்பட்டது இன்று இந்நாட்டின் அடையாளமாக உலகெங்கும் அறியப்படுகின்றது. புலம்பெயர்ந்து வந்த எமக்கு இச்செய்தி சிந்தனைக்குரியது.

முதலிற் செய்தவர் யார்?

தட்டிற் கிடந்த இறைச்சியைப் பாணுக்கு இடையில் வைத்துக் கையில் ஏந்தி உண்ணச் செய்தவர் எவரோ அவரே ஹம்பேர்கரின் தந்தை. அவர் யார் என்பதே முதல் வழக்கு.

விஸ்கொன்சின் மாநிலத்துச் சீமோர் ஊரார், 1885ஆம் ஆண்டு தம் ஊர்ச் சந்தைவிழாவில் இறைச்சி உருண்டை விற்ற சார்லி நக்ரீன் என்னும் 15 வயதுச் சிறுவனே அவர் என்பர். விழாவுக்கு வந்தோர் நடந்துகொண்டே உண்ண விரும்பினர். உருண்டை கையில் நில்லாது உருண்டது. ஆகவே அதனைத் தட்டையாக அமுக்கிப் பாணுக்கு இடையில் வைத்துக் கொடுத்தான் என்பது அவர்கள் கூற்று. அதே 1885ஆம் ஆண்டு நியூ யோர்க் மாநிலத்தில், ஹம்பேர்க் என்னும் பெயரையே கொண்ட ஊரின் சந்தைவிழாவில், பிராங்க், சார்ள்ஸ் மென்செஸ் என்னும் சகோதரர் பன்றி இறைச்சி தீர்ந்துபோனமையால் மாட்டிறைச்சியைப் பயன்படுத்தினர் என அவர் குடும்பத்தினர் கூறுவர். ரெக்சாஸ் மாநிலத்து ஏதென்ஸ் ஊரார் பிளெச்சர் டேவிஸ் என்பாரை முன்வைப்பர். ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரத்தார், 1891ஆம் ஆண்டு ஒஸ்கார் பில்பி என்பவர் பாணுக்குப் பதிலாக வட்டப் பணிசிற் பரிமாறினார் என்றும், பணிஸ் இல்லாத ஒன்றை ஹம்பேர்கர் என்பது எங்ஙனம் என்றும் வினவுவர்.

கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் 'லூயிஸ் லன்ச்' என்னும் சிறிய உணவகம் உண்டு. அதன் நிறுவுநர் லூயிஸ் லாசன் 1900ஆம் ஆண்டு, அவசரமாக வந்த ஒருவருக்கு இறைச்சியைப் பாணுக்கு இடையில் வைத்துக் கொடுத்தார் என்பது அக்கடையின் வரலாறு. இன்றும் அங்கே இறைச்சியைச் செங்குத்தான பழைய இரும்பு அடுப்புகளிற் சுட்டு, வாட்டிய வெண்பாணில் வைத்துத் தருகின்றனர். பாற்கட்டி, வெங்காயம், தக்காளி ஆகியன கிடைக்கும். தக்காளிச் சோசும் கடுகுச் சோசும் அங்கே கேட்டாலும் கிடைக்கமாட்டா.

இக்கோரிக்கைகளுட் பெரும்பாலானவை குடும்ப நினைவுகளையும் ஊர்வழக்கையுமே ஆதாரமாகக் கொண்டவை. சில மாநிலங்கள் தம்மூருக்குச் சார்பாகத் தீர்மானமும் பிரகடனமும் வெளியிட்டிருக்கின்றன. துல்சாவுக்காக 1995ஆம் ஆண்டு ஒக்லஹோமா ஆளுநர் பிரகடனம் செய்தார். சீமோருக்காக 2007ஆம் ஆண்டு விஸ்கொன்சின் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மாணவர்கள் இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். தீர்மானம் ஊரின் விருப்பத்தைக் காட்டும். வரலாற்றை நிறுவ அக்காலத்து எழுத்துச் சான்று வேண்டும். ஒரே தேவை பல ஊர்களில் எழும்போது ஒரே உத்தி பலருக்குத் தோன்றுவதும் இயல்பே. நடந்துகொண்டே உண்ணவேண்டும் என்னும் தேவை சந்தைகூடிய ஊர்களில் எல்லாம் இருந்தது.

ஐயமும் நம்பிக்கையும்

1906ஆம் ஆண்டு அப்டன் சின்கிளேயர் என்னும் எழுத்தாளர் 'தி ஜங்கிள்' என்னும் நாவலை வெளியிட்டார். சிக்காகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளில் நிலவிய அசுத்தத்தையும் தொழிலாளர் பட்ட துயரையும் அது எடுத்துரைத்தது. நாடு அதிர்ந்தது. அதே ஆண்டிலேயே தூய உணவு, மருந்துச் சட்டமும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் நிறைவேறின. ஆயினும் அரைத்த இறைச்சிமீது மக்களுக்கிருந்த ஐயம் எளிதில் நீங்கவில்லை. அரைத்தபின் உள்ளே இருப்பது எது என எவ்வாறு அறிவது?

இவ்வையத்தைப் போக்கியே ஒரு நிறுவனம் எழுந்தது. 1921ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில் வோல்ற்றர் அன்டர்சன் என்னும் சமையலாளரும் பில்லி இங்கிரம் என்னும் வணிகரும் 'வைற் காசில்' என்னும் கடையைத் தொடங்கினர். பெயரும் வெண்மை, சுவரும் வெண்மை. சமைப்பதை வாடிக்கையாளர் கண்ணெதிரே பார்க்கலாம். சிறிய ஹம்பேர்கர் ஒன்றின் விலை 5 சதம். வெங்காயத்தின்மேல் இறைச்சியை வைத்து அதன் ஆவியில் வேகவைப்பது அவர்களின் முறையாயிற்று.

1930ஆம் ஆண்டளவில் அந்நிறுவனத்தின் ஆதரவுடன் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடைபெற்றது. மாணவர் ஒருவர் 13 வாரங்கள் வைற் காசில் ஹம்பேர்கரும் நீரும் மாத்திரமே உட்கொண்டார். முடிவில் அவர் நலமாக இருந்தார் என்பதை நிறுவனம் விளம்பரத்திற்குப் பயன்படுத்திக்கொண்டது. விஞ்ஞானம் பயிலும் எம் மாணவர்கள் இச்சோதனையின் குறைகளைக் கூறமுடியுமா? உட்பட்டவர் ஒருவரே. காலம் 13 வாரங்களே. செலவு செய்தவர் விற்பவரே. இம்மூன்றையும் வினவக் கற்றுக்கொண்டவர் எந்த விளம்பரத்திற்கும் எளிதில் மயங்கார்.

1948ஆம் ஆண்டு தென் கலிபோர்னியாவில் இருவேறு பாதைகள் தொடங்கின. சான் பேர்னார்டினோ நகரில் ரிச்சட், மொரிஸ் மக்டொனால்ட் என்னும் சகோதரர் தம் உணவகத்தைச் சிலகாலம் மூடி, பண்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தொழிற்சாலையிற்போல வேலையைப் பங்கிட்டு, 15 சதத்திற்கு ஹம்பேர்கரை விரைந்து வழங்கும் முறையை அமைத்தனர். 1955ஆம் ஆண்டு ரே குரொக் என்பவர் இலினோய் மாநிலத்திற் கிளை திறந்து அம்முறையை உலகெங்கும் பரப்பினார். எங்கு உண்டாலும் ஒரே சுவை என்பது அவர்களின் வாக்குறுதி. அதே 1948ஆம் ஆண்டு போல்ட்வின் பார்க் என்னுமிடத்தில் ஹரி, எஸ்தர் சினைடர் தம்பதியர் 'இன் அன்ட் அவுட்' கடையைத் திறந்தனர். இறைச்சியை உறையவைப்பதில்லை என்பதும் பண்டங்களைப் பெருக்குவதில்லை என்பதும் அவர்களின் கொள்கை. மேற்குக் கரையார் இன்றும் அதனையே முதலிடத்தில் வைப்பர். கிழக்குக் கரையாரோ, 1986ஆம் ஆண்டு வேர்ஜினியாவிற் தோன்றிய 'பைவ் கைஸ்' கடையையும் 2004ஆம் ஆண்டு நியூ யோர்க் பூங்கா ஒன்றிற் திறக்கப்பட்ட 'ஷேக் ஷாக்' கடையையும் எதிர்நிறுத்துவர்.

ஊருக்கொரு சுவை

பெருநிறுவனங்களின் போட்டியைக் காட்டிலும் சிற்றூர்களின் பெருமையே எமக்குச் சுவையாகப் படுகின்றது.

ஒக்லஹோமாவில் எல் ரீனோ என்னும் புகையிரதப் பாதையோர ஊர் உண்டு. 1920களில் இறைச்சி விலையுயர்ந்தும் வெங்காயம் மலிந்தும் இருந்தமையால், வெங்காயத்தை மெல்லிய தாள்போலச் சீவி, சிறிதளவு இறைச்சியோடு சேர்த்துச் சூடான இரும்புத் தகட்டில் அமுக்கிச் சுட்டனர். இறைச்சியைப் பெருக்கிக் காட்டுவதற்கான உத்தி அது. ஆனால் வெங்காயம் இறைச்சியின் கொழுப்பிற் பொன்னிறமாக வதங்கியபோது பிறந்த சுவையை மக்கள் கைவிடவில்லை. வறுமை நீங்கியது, வெங்காயம் நின்றது. இன்று அவ்வூர் ஆண்டுதோறும் மே மாதத்தில் அதற்கு விழா எடுக்கின்றது. பஞ்சகாலத்தில் ஒடியலையும் மரவள்ளியையும் உண்டு, பின்னர் அவற்றையே விரும்பிக் கேட்கும் எம்மவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

நியூ மெக்சிக்கோ மாநிலத்தவர் பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து நறுக்கி, பாற்கட்டியோடு இறைச்சியின்மேல் இடுவர். மிளகாய் அங்கே விளையும் முதன்மைப் பயிர்களுள் ஒன்று. சான் அன்ரோனியோ என்னும் சிற்றூரில் ஒரே தெருவின் இரு பக்கங்களிலும் இரு உணவகங்கள் பல ஆண்டுகள் போட்டியிட்டு வந்தன. ஆந்தையின் பெயரைத் தாங்கிய ஒன்றில், 1945ஆம் ஆண்டு அணுகுண்டுச் சோதனைக்காக வந்திருந்த விஞ்ஞானிகள் உணவருந்தினர் என ஊரார் கூறுவர்.

மினசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸ் நகரிற் பாற்கட்டியை இறைச்சியின் உள்ளே வைத்து மூடிச் சுடுவர். அதன் பெயர் ஜூசி லூசி. ஒரே வீதியிலுள்ள இரு கடைகள் அதனைத் தாமே முதலிற் செய்ததாக உரிமை கோருகின்றன. ஒரு கடை அப்பெயரின் ஆங்கில எழுத்துக்களுள் ஒன்றை விட்டே எழுதுகின்றது. எழுத்துப் பிழையே தம் கடையின் முத்திரை என்கின்றது! அக்கடைக்கு 2014ஆம் ஆண்டு சனாதிபதி ஒபாமா சென்று உணவருந்தினார். கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரிலோ இறைச்சியையும் பாற்கட்டியையும் தகட்டில் இடாது, நாம் இடியப்பம் அவிப்பதுபோல ஆவியில் அவிப்பர்.

இவ்வூர்களுள் எது சிறந்தது? ஒவ்வொன்றும் தன் நிலத்தையும் தன் தேவையையும் கொண்டு தன் சுவையை அமைத்தது. ஆதலின் அவ்வூரார்க்கு அதுவே சிறந்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

சுவையின் காரணம்

சுவைக்குக் காரணம் கூறமுடியாது என்பாரும் உளர். ஓரளவு கூறமுடியும். இறைச்சியின் மேற்பரப்பு நன்கு சூடேறி நீர் வற்றும்போது, அதிலுள்ள புரதக் கூறுகளும் வெல்லங்களும் தாக்கமுற்றுப் பழுப்பு நிறத்தையும் நறுமணத்தையும் தருகின்றன. 1912ஆம் ஆண்டு இதனை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி மயார்ட் என்பாரின் பெயரால் இது மயார்ட் தாக்கம் எனப்படும். பாணின் மேற்தோல், வறுத்த கோப்பிக்கொட்டை, தோசையின் முறுகல் ஆகிய யாவற்றின் மணமும் இத்தாக்கத்தின் விளைவே. இறைச்சியைத் தகட்டில் அமுக்கிச் சுடுவோர் இம்முறுகலை நாடுகின்றனர். தடிப்பாகச் சுடுவோர் உள்ளிருக்கும் சாற்றை நாடுகின்றனர். நூற்றுக்கு 20 பங்களவு கொழுப்பு இருத்தல் நன்று என்பது சமையலாளர் பலரின் கருத்து. உப்பை அரைக்கும்போதே கலந்தால் புரதம் இறுகி இறப்பர்போல ஆகிவிடும். சுடுவதற்குச் சற்று முன்னர் மேலே தூவுதலே முறை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். முழு இறைச்சித் துண்டில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். நெருப்புப் பட்டதும் மடியும். அரைக்கும்போது மேற்பரப்பு உள்ளே போகின்றது. ஆகவே அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடையவேண்டும் என இந்நாட்டு விவசாயத் திணைக்களம் அறிவுறுத்துகின்றது. 1993ஆம் ஆண்டு மேற்கு மாநிலங்களில், போதிய அளவு வேகாத ஹம்பேர்கரை உண்டதனால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். அதன் பின்னரே விதிகள் கடுமையாயின. நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என முடிவு செய்யலாகாது. உணவு வெப்பமானி ஒன்றின் விலை சில டொலர்களே. வீட்டு முற்றத்திற் சுடுவோர் இதனைத் தவறாது கைக்கொள்ளவேண்டும்.

எம் இல்லங்களில்

இனி எமக்கு நெருங்கிய விடயத்திற்கு வருவோம். சைவ இல்லங்கள் மாட்டிறைச்சியை விலக்குகின்றன. உழவுக்கும் பாலுக்கும் உறுதுணையான மாட்டுக்குப் பட்டிப்பொங்கலிட்டு நன்றி கூறிய மரபு எம்முடையது. இஸ்லாமிய இல்லங்கள் விதித்த முறைப்படி அறுத்ததையே உண்கின்றன. வேறு இல்லங்களில் இக்கட்டுப்பாடுகள் இல்லை. எம் பாடசாலையில் இம்மூவகைப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். ஒருவர் வழக்கை மற்றவர் இகழாதிருத்தல் முதற் கடமை.

இரண்டாவது கடமை கேட்டறிதல். இறைச்சியை விலக்கி உருளைக்கிழங்குப் பொரியலை மாத்திரம் வாங்கினாற் போதும் எனப் பலர் எண்ணியிருந்தனர். மக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990ஆம் ஆண்டு தாவர எண்ணெய்க்கு மாறுவதாக அறிவித்தது. ஆயினும் அதன் அமெரிக்கப் பொரியலில் மாட்டிறைச்சிச் சுவைப்பொருள் சேர்க்கப்பட்டிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. 2001ஆம் ஆண்டு வழக்குத் தொடரப்பட்டது. 2002ஆம் ஆண்டு நிறுவனம் மன்னிப்புக் கோரி, ஒரு கோடி டொலர் வழங்க உடன்பட்டது. இந்து, சைவ உணவு அமைப்புகள் முதலியன அத்தொகையிற் பங்கு பெற்றன. அதே நிறுவனம் 1996ஆம் ஆண்டு இந்தியாவிற் கடை திறந்தபோது மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் முற்றாக விலக்கியே திறந்தது. கேட்பவர் பலராக இருக்கும் இடத்தில் விற்பவர் செவிசாய்ப்பர் என்பது இதிலிருந்து பெறப்படும்.

இறைச்சியற்ற பேர்கரும் இன்று அரிதன்று. 1982ஆம் ஆண்டு இலண்டனில் கிரெகரி சாம்ஸ் என்பவர் 'வெஜிபேர்கர்' என்னும் பெயரில் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 2016ஆம் ஆண்டு முதல், தாவரப் பொருட்களைக் கொண்டு இறைச்சியின் நிறத்தையும் சாற்றையும் ஒத்ததாகச் செய்யப்பட்டவையும் விற்பனையாகின்றன. ஆயினும் சில கடைகளில் அதனையும் இறைச்சியையும் ஒரே தகட்டிற் சுடுவதுண்டு. வேறாகச் சுட்டுத் தருவீர்களா எனக் கேட்பதில் வெட்கம் வேண்டா.

மூன்றாவதாக நாம் கூறவிருப்பது பெற்றோருக்கு. சில இல்லங்களிற் பிள்ளை வெளியே உண்டதை வீட்டில் மறைக்கின்றது. சில இல்லங்களிற் பெற்றோர் அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவிடுகின்றனர். உண்ட உணவிலும் பார்க்க அம்மறைவே எமக்குக் கவலை தருகின்றது. இன்று உணவை மறைக்கப் பழகும் பிள்ளை நாளை வேறு எவற்றையும் மறைக்கலாம். 'உண்ணாதே' என்று மாத்திரம் கூறப்பட்ட பிள்ளைக்கு நண்பரின் பிறந்தநாள் விருந்திற் கூறுவதற்கு மறுமொழி இல்லை. ஆகவே அங்கே ஒரு முகமும் வீட்டில் ஒரு முகமும் கொள்கின்றது. காரணத்தோடு கூறப்பட்ட பிள்ளை, அக்காரணத்தை நண்பருக்கும் கூறித் தலைநிமிர்ந்து நிற்கும். காரணத்தைக் கேட்டபின் பிள்ளை எம்மோடு முரண்படவும் கூடும். முரண்பட்டு எம் முன்னே பேசும் பிள்ளை மறைத்து உண்ணும் பிள்ளையைவிட எமக்கு அண்மையில் இருக்கின்றது.

வழக்காடும் முறை

இவ்வாண்டு எம் மேற்பிரிவு மாணவர்கள் விவாத வகுப்புக்குத் தாமே தலைப்பைத் தெரிவு செய்தனர். 'சிறந்த ஹம்பேர்கர் கிடைப்பது பெருநிறுவனத்திலா, ஊர்க்கடையிலா, வீட்டிலா?' என்பதே அத்தலைப்பு. தமிழ்ப் பாடசாலையில் இதற்கும் இடமா எனப் பெற்றோர் சிலர் வினவினர். நியாயமான வினாவே.

முதற் சுற்று வெறும் கூச்சலாகவே இருந்தது. ஒவ்வோர் அணியும் தன் கடையின் பெயரை மற்ற அணியிலும் உரத்துக் கூறிற்று. அப்போது நாம் ஒன்றை மாத்திரம் கேட்டோம்: எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கின்றீர்கள்? அதன்பின் பேச்சு மாறியது. விலையே அளவுகோல் எனின் வெல்வது ஒன்று. விரைவு எனின் மற்றொன்று. எங்கும் மாறாத சுவை எனின் பெருநிறுவனம் வெல்லும். ஓரூரின் தனித்தன்மை எனின் ஊர்க்கடை வெல்லும். உள்ளிருப்பது எது என ஐயமின்றி அறிதலே அளவுகோல் எனின் வீட்டை வெல்ல எவராலும் இயலாது. வீட்டணியைச் சேர்ந்த ஒரு மாணவி, தன் தாயார் கடலைப்பருப்பை அரைத்து, வெங்காயமும் பெருஞ்சீரகமும் சேர்த்துத் தட்டையாகச் சுட்டுப் பணிசில் வைத்துத் தருவதை விவரித்தாள். அது ஹம்பேர்கரே அன்று, வடையே என எதிரணியினர் மறுத்தனர். 'பெயரின் முற்பாதி ஓர் ஊர். அவ்வூரிலிருந்து உங்கள் ஹம்பேர்கரும் வரவில்லையே' என்று அவள் விடையிறுத்தாள். சபை ஆரவாரித்தது. ஆயினும் அவள் முதல் வினாவுக்கு விடை கூறவில்லை என்பதை நடுவர் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

ஒன்றரை மணி நேரம் அவர்கள் தமிழிலேயே வாதிட்டனர். பதம், பக்குவம், முறுகல், சேர்மானம், அளவுகோல், சான்று என்னும் சொற்களைத் தேடித்தேடி எடுத்தனர். ஆங்கிலத்திற்குத் தாவியவரை எதிரணியினரே தடுத்தனர். ஆண்டு முழுவதும் பயிற்சிப் புத்தகத்தில் உறங்கிக் கிடந்த சொற்கள் அன்று எழுந்து நடந்தன. தமக்கு வேண்டிய ஒன்றைத் தமிழிற் பேசும்போதே பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டியதாகின்றது. பாட்டனாரின் ஊர்க் கதையைத் தமிழிற் கூறும் பிள்ளையை மெச்சுகின்றோம். தான் வாழும் ஊரின் கதையையும் அவ்வாறே கூறினால், அம்மொழி அப்பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் உடன்வரும்.

ஆதலின் மாணவர்களே, சிறந்தது எங்கே என எவரேனும் வினவினால், எதனால் அளப்பது என முதலிற் கேளுங்கள். கூறியவர் யார், சான்று எது, உள்ளே இருப்பது எது என்று அடுத்துக் கேளுங்கள். பெற்றோர்களே, இம்மலரை மூடியபின் இன்றிரவு உணவு மேசையில் உங்கள் பிள்ளைகளிடம் இவ்வழக்கைத் தொடங்கிப் பாருங்கள். அவர்கள் எந்தக் கடையைச் சொல்கின்றனர், ஏன் சொல்கின்றனர் எனக் கேளுங்கள். நீங்கள் சிறுவயதில் விரும்பி உண்டதையும் ஒளியாது சொல்லுங்கள். பேச்சு நீளட்டும், அது தமிழில் நீளட்டும்.